பதில்: பாடகி பேட்டியில் சொற்களுக்கு நடுவே ஓட்டை

வணக்கம். பினாங்குப் பாடகியின் பேட்டியை ஏ4 பக்கத்தில் மூன்று பத்தியாக (நெடுவரிசையாக) பிரித்து, வரிகள் இருபுறமும் சீராக நிற்கும்படி ஜஸ்டிஃபை செய்திருக்கிறீர்கள். ஓட்டை விழுவது அதனால்தான். பத்திக்கு 57 மி.மீ.தான் கிடைக்கிறது. “பாடிக்கொண்டிருந்தபோது” என்ற ஒரே சொல் பாதி வரியை விழுங்கிவிடும்.

இரண்டு பத்தியாக்குங்கள். ஓரம் 15, நடு இடைவெளி 6 விட்டால் ஒவ்வொன்றும் 87 மி.மீ. வரும். எழுத்து 10, வரி இடைவெளி 14 பாயிண்ட்; இடப்பக்கம் மட்டும் சீராக இருக்கட்டும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் “கொ” போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறும். கேள்விகளைத் தடித்த எழுத்தில் போட்டு, பத்தியின் அடியில் பதிலில்லாமல் தொங்கவிடாதீர்கள்.

படத்தில் முகம் நடு மடிப்பில் சிக்குகிறது. 20 மி.மீ.யாவது தள்ளுங்கள், பார்வை எழுத்துப் பக்கம் திரும்பட்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கியிருக்கும். அசல் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.