கேள்வி–பதில்: நிறுத்தி வைத்த காரில் கரண்ட் எங்கே போகிறது?

கேள்வி: என்னுடையது 2007 மாடல் பெட்ரோல் கார். வாரத்தில் ஓரிரு நாள்தான் எடுப்பேன். புது 35 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி போட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. நான்கு நாள் நின்றால் செல்ஃப் ‘டிக் டிக்’ என்று நின்றுவிடுகிறது. கடையில் சோதித்து, பேட்டரி நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஓடும்போது 14.2 வோல்ட் ஏறுகிறது. போன வருடம் வெளியில் ஸ்டீரியோ மாற்றினேன். — வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 35 ஏ.எச். பேட்டரியில் பாதி இறங்கினாலே செல்ஃப் திணறும். பாதி என்றால் 17.5 ஆம்பியர்-மணி; நான்கு நாள் என்றால் 96 மணி நேரம். வகுத்தால் ஏறக்குறைய 180 மில்லி ஆம்பியர். கடிகாரத்துக்கும் என்ஜின் கம்ப்யூட்டரின் நினைவுக்குமாக 20 முதல் 50 வரை போவது நியாயம். அதற்கு மேல் போவதெல்லாம் கசிவு.

டிக்கி விளக்கைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகிப்பார்கள். ஆனால் 5 வாட் பல்ப் 420 மில்லி ஆம்பியர் இழுக்கும். இரண்டே நாளில் பேட்டரி படுத்திருக்கும். ஆகவே ஸ்டீரியோ மேல்தான் முதல் சந்தேகம், அடுத்தது ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) டயோடு (கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடும் பாகம்).

அளந்து பார்த்துவிடலாம். எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். 10 ஆம்பியர் துளை இருக்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்து, கதவுகளை மூடுங்கள். 10 நம்பர் ஸ்பேனரால் நெகடிவ் கேபிளை மட்டும் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, ஒரு முனையைக் கழற்றிய கேபிளிலும் மற்றொன்றை பேட்டரியின் நெகடிவ் முனையிலும் வையுங்கள். முனைகள் நழுவாமல் இருக்க முதலைக் கிளிப் வாங்கிக்கொள்வது நல்லது. மாட்டியவுடன் ஒன்றிரண்டு ஆம்பியர் காட்டினால் பதற வேண்டாம். அரை மணி நேரம் விட்டு, எண் ஒரே இடத்தில் நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள். இடையில் சாவி போடவோ, செல்ஃப் அடிக்கவோ கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். வேலை முடிந்ததும் சிவப்பு முனையைப் பழைய துளைக்கே மாற்றிவிடுங்கள். மறந்து அப்படியே வோல்ட் பார்க்கப் போனால் மீட்டர் வழியாக நேரே ஷார்ட் ஆகும். இந்தத் தவறு அனுபவசாலிகளுக்கும் நேர்வதுண்டு.

இனி ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகுங்கள். கேபினுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டிக்காகக் கதவைத் திறந்தால் உள்விளக்கு எரிந்து கணக்கைக் குழப்பும். அந்த பல்பை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். எந்த ஃபியூஸை எடுத்ததும் 180 சட்டென்று 30-க்கு இறங்குகிறதோ, அந்த லைனில்தான் கசிவு. ரேடியோ ஃபியூஸ் என்றால் ஸ்டீரியோவுக்குப் பின்னால் பாருங்கள். மஞ்சள் ஒயர் எப்போதும் கரண்ட் இருக்கும் லைனுக்கும், சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனுக்கும் போக வேண்டும். அவசரத்தில் மாட்டுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிடுவார்கள். செட் தூங்கவே தூங்காது. சிவப்பைப் பிரித்து உரிய இடத்தில் இணைத்தால் செலவு இன்சுலேஷன் டேப்போடு முடிந்தது.

எந்த ஃபியூஸை எடுத்தும் எண் அசையவில்லையா? பேட்டரியிலிருந்து நேரடியாக இழுத்த சென்ட்ரல் லாக், ஜி.பி.எஸ். ஒயர்களைப் பாருங்கள். பிறகு ஆல்டர்னேட்டர். பேட்டரி நெகடிவை முழுதாகக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் பின்புறத் தடித்த ஒயரையும் சிறு கப்ளரையும் (ஒயர்களை இணைக்கும் பிளக்) எடுங்கள். ஒயர் முனையில் டேப் சுற்றிய பிறகே மீட்டரைத் திரும்ப மாட்ட வேண்டும். எண் இறங்கினால் டயோடு கசிகிறது. 14.2 வோல்ட் ஏறுவதால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பகலில் சார்ஜ் செய்துகொண்டே இரவில் கசியவிடும் ஆல்டர்னேட்டர்கள் உண்டு. ஜே.சி. ரோடு பக்கம் டயோடு பிளேட்டை மட்டும் மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிட்டு, பிறகு புதிது வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

பழுது தீர்ந்ததும் பேட்டரியை 3 அல்லது 4 ஆம்பியர் சார்ஜரில் இரவு முழுக்கப் போடுங்கள். சில்க் போர்டு நெரிசலில் ஏ.சி. போட்டு ஊர்ந்தால் பேட்டரி நிரம்பாது.

கேள்வி: தினமும் நெகடிவ் டெர்மினலைக் கழற்றி வைத்தால் போதாதா? — வாசகி, ஸ்ரீராமபுரம்

பதில்: வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆனால் கசிவுக்குக் காரணம் எங்கோ உரசித் தோல் போன ஒயர் என்றால், வண்டி ஓடும்போது அதே இடம் சூடேறும். கண்டுபிடிக்கும் வரை மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: 1998 பைக்கிலும் இதே தொல்லை. அலாரம் எதுவும் கிடையாது. — வாசகர், மர்ஃபி டவுன்

பதில்: அப்படியென்றால் சாவி எடுத்த பிறகு மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் முதலில் ரெக்டிஃபையர் (ஏ.சி. கரண்டை டி.சி.யாக மாற்றி பேட்டரிக்கு அனுப்பும் பாகம்) கப்ளரைக் கழற்றிப் பாருங்கள்.