எதிர்காலத்தை மிகச் சரியாகக் காட்டிய உலகக் கண்காட்சி எது?

1939இல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியைத்தான் சொல்வேன். 'நாளைய உலகம்' என்பதே அதன் கருப்பொருள். ஆனால் 'மிகச் சரியாக' என்ற சொல்லில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அந்தத் தயக்கத்தையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

குயின்ஸ் பகுதியில் சாம்பல் கொட்டிவந்த குப்பை மேட்டைச் சமன்செய்து அந்த மைதானத்தை உருவாக்கினார்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அடிபட்டு எழுந்துகொண்டிருந்த மக்கள், ஜெனரல் மோட்டார்ஸ் அரங்கின் முன் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். நார்மன் பெல் கெடஸ் வடிவமைத்த 'ஃபியூச்சரமா' அங்கேதான் இருந்தது. நகரும் நாற்காலியில் உட்கார்ந்தால், கீழே 1960ஆம் ஆண்டின் அமெரிக்கா விரியும். ஐந்து லட்சம் குட்டிக் கட்டடங்கள், ஐம்பதாயிரம் குட்டி வாகனங்கள், குறுக்குச் சந்திப்பே இல்லாத அகன்ற நெடுஞ்சாலைகள். வெளியே வரும்போது 'எதிர்காலத்தை நான் பார்த்துவிட்டேன்' என்று பொறித்த பேட்ஜ் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வேலையில்லாமல் பத்தாண்டுகள் அலைந்த ஒருவருக்கு அந்த பேட்ஜ் என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது.

நெடுஞ்சாலைகள் வந்தன. தொடக்க விழாவில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் பேசியதை ஒளிபரப்பிய தொலைக்காட்சியும் வீடுதோறும் வந்தது.

ஆனால் செக்கோஸ்லோவாக்கியாவின் அரங்கைப் பாருங்கள். கண்காட்சி ஏப்ரல் 30இல் தொடங்கியது. அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே ஹிட்லரின் படை அந்நாட்டின் தலைநகர் பிராகாவுக்குள் புகுந்துவிட்டது. அரங்கம் பாதி கட்டிய நிலையில் நிற்க, நாடு வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டது. அரங்கை ஒப்படைக்கச் சொல்லி ஜெர்மனி வற்புறுத்தியும், வாஷிங்டனில் இருந்த செக் தூதர் மறுத்துவிட்டார். நன்கொடை திரட்டி அதைத் திறந்தார்கள். நாடு இழந்தவர்கள் நாளைய உலகத்தில் தங்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்டதை, அந்தக் கண்காட்சியின் எல்லா அதிசயங்களையும்விடப் பெரிதாக நான் மதிக்கிறேன்.

செப்டம்பரில் போலந்தும் வீழ்ந்தது. 1940இல் இரண்டாம் பருவம் தொடங்கியபோது 'நாளைய உலகம்' என்ற முழக்கத்தை எடுத்துவிட்டு, 'அமைதிக்காகவும் சுதந்திரத்துக்காகவும்' என்று மாற்றினார்கள். சோவியத் அரங்கம் அதற்குள் இடிக்கப்பட்டிருந்தது. கண்காட்சியின் சின்னமாக நின்ற ஊசிக் கோபுரமும் வெண்கோளமும் பிறகு உடைக்கப்பட்டு, அவற்றின் எஃகு போர்த் தளவாடங்களுக்குப் போனது.

இது நடக்கும் என்று ஒருவர் எழுதியே வைத்திருந்தார். 6939ஆம் ஆண்டில் திறக்க வேண்டும் என்று அந்த மைதானத்தில் ஒரு காலப்பேழையைப் புதைத்தார்கள். அதில் வைக்க ஐன்ஸ்டைனிடம் ஒரு செய்தி கேட்டார்கள். வெவ்வேறு நாட்டவர் அவ்வப்போது ஒருவரையொருவர் கொன்றுகொள்கிறார்கள், ஆகவே எதிர்காலத்தை நினைப்பவர் அச்சத்தோடுதான் வாழ வேண்டியிருக்கிறது என்ற கருத்தை 1938லேயே அவர் எழுதித் தந்தார். அடுத்த ஆண்டு அந்தப் பேழைக்கு மேலே நடந்துபோன கூட்டம் பேட்ஜ் அணிந்திருந்தது.

நியூயார்க் போனால் சென்ட்ரல் பூங்காவில் ஆமைக் குளத்தின் கரைக்குச் செல்லுங்கள். இரண்டு வாள்களைத் தலைக்குமேல் குறுக்காகப் பிடித்தபடி குதிரைமேல் ஒரு மன்னர் இருப்பார். போலந்தின் யாகெவோ. கண்காட்சியில் போலந்து அரங்கின் வாசலில் நின்ற சிலை அது. திரும்பிப் போக நாடு இல்லாததால் அங்கேயே தங்கிவிட்டது.