சிங்கப்பூரில் விமானியாக இருப்பது எப்படி இருக்கும்? சம்பளம், வேலை, குடும்ப வாழ்க்கை பற்றி உள்ளே இருப்பவர்கள் சொல்ல முடியுமா?

உங்கள் மகன் தொடக்கக் கல்லூரியில் படிக்கிறான், விமானியாகத்தான் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், கை நிறையச் சம்பளமும் உலகம் சுற்றும் வாய்ப்பும் கிடைக்கும் என்பது உண்மைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சாங்கி விமான நிலையத்திலிருந்து பறக்கும் மலிவுக் கட்டண விமான நிறுவனம் ஒன்றில் ஏர்பஸ் ஏ320 விமானத்தின் துணை விமானி. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

உலகம் சுற்றும் கதையை முதலில் முடித்துவிடுவோம். சிங்கப்பூருக்கு உள்நாட்டு விமானச் சேவை கிடையாது. எங்கே பறந்தாலும் வெளிநாடுதான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஏ320 போன்ற சிறிய விமானங்களில் பெரும்பாலான பயணங்கள் போன கையோடு திரும்பும் வகை. நம்மவர்களுக்குப் பழக்கமான திருச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 3,000 கிலோமீட்டர், போக நான்கு மணி நேரம். இறங்கியதும் பயணிகள் வெளியேறுவார்கள், எரிபொருள் ஏறும், எங்களில் ஒருவர் கீழே போய் விமானத்தைச் சுற்றிப் பார்ப்போம், மற்றவர் அடுத்த பயணத்துக்கான கணக்குகளைப் போடுவார். ஒரு மணி நேரத்தில் மீண்டும் ஓடுபாதை. என் பெரியம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார்: "திருச்சி வரைக்கும்தான் வருகிறாயே, அப்படியே தஞ்சாவூருக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போனால் என்ன?" விமானிக்கு அங்கே வாசல் கிடையாது என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். நம்பியதாகத் தெரியவில்லை. முறுக்கும் எள்ளடையும் செய்து வைத்துவிட்டுக் கோபித்துக்கொள்கிறார்.

இரவுப் பயணமாக இருந்தால் திரும்பும் நேரம் அதிகாலை இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் விழும். மனித உடல் மிகவும் சோர்ந்திருக்கும் நேரம் அதுதான். வங்கக் கடலின் மேல் இடிமேகங்களை ரேடாரில் பார்த்துப் பார்த்து விலகி வர வேண்டும். தென்மேற்குப் பருவக்காலமாக இருந்தால் விடியும் வேளையில் சுமத்ரா புயல்காற்று, அதாவது மேற்கிலிருந்து இடிமழையோடு வீசும் பலத்த காற்று, சாங்கியைத் தாக்கும் வாய்ப்பும் உண்டு. பத்து மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தவன் அந்த மழையில்தான் தரையிறங்க வேண்டும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதியும் அதுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புலம்பல் போலத் தெரியும்.

பெரிய விமானங்களில் பறக்கும் நண்பர்களுக்கு வேறு விதம். நியூயார்க்குக்கு நேரடிப் பயணம் 18 மணி நேரத்துக்கும் மேல். நான்கு விமானிகள் போகிறார்கள், முறை வைத்துப் படுக்கையில் தூங்குகிறார்கள். ஊரைப் பார்க்க நேரமும் கிடைக்கிறது. ஆனால் அங்கே பகல் என்றால் இங்கே இரவு. ஊர் பார்ப்பதா, தூங்குவதா என்பதே அவர்களுடைய நிரந்தரப் பிரச்சினை. நாற்பதைக் கடந்த கேப்டன்களில் பலர், "அந்தத் தூரப் பயணங்கள் உனக்கே இருக்கட்டும், என் கட்டிலில் நான் தூங்குகிறேன்" என்பார்கள். இளையவர்கள் நேர்மாறாகச் சொல்வார்கள். எங்களுக்குள் இந்த வாக்குவாதம் ஓய்ந்ததே இல்லை.

இனி பணம். சம்பளம் நல்ல சம்பளம்தான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அதன் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளம் ஒரு பகுதி, பறக்கும் மணிக்கணக்குக்கு வருவது இன்னொரு பகுதி. அந்த மணிக்கணக்கு பொதுவாக விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும்போது தொடங்கி, போய் நின்றதும் முடிகிறது. அதற்கு முன் செய்யும் ஆயத்தம், வானிலை அறிக்கை படிப்பது, திருச்சியில் தரையில் கழியும் நேரம் இவையெல்லாம் அந்தக் கணக்கில் வராது. பெரும்பாலான நாடுகளில் ஆண்டுக்கு 900 முதல் 1,000 மணி நேரம் வரைதான் பறக்க விதி அனுமதிக்கிறது. "வருடத்துக்கு 900 மணி நேரம்தானா!" என்று என் மைத்துனர் சிரித்தார். பணியில் கழியும் நேரம் அதைவிட எவ்வளவோ அதிகம் என்று விளக்க ஒரு சாப்பாட்டு வேளை முழுக்கப் பிடித்தது.

மத்திய சேம நிதிக்கு (மசேநிதி, சம்பளத்திலிருந்து கட்டாயமாகப் பிடிக்கும் சேமிப்பு) கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2026 முதல் அது 8,000 வெள்ளி. சம்பளம் அதைத் தாண்டி ஏறினாலும் மாதச் சேமிப்பு தானாக ஏறாது, நாமே ஒதுக்க வேண்டும். சிங்கப்பூரிலோ கையில் பணம் வந்ததும் முதலில் கண்ணில் படுவது கார். அதிகாலை நான்கு மணிக்குப் பணிக்குப் போக ரயில் கிடையாது என்ற சாக்கும் தயாராக இருக்கும். கார் விலையையும் சிஓஇ (கார் வைத்துக்கொள்ளும் உரிமச் சான்றிதழ்) கட்டணத்தையும் பார்த்தபின் டாக்சி மலிவாகத் தெரிவது நிச்சயம்.

நான் சம்பளத்தைவிட முக்கியம் என்று நினைப்பது ரோஸ்டர், அதாவது மாதப் பணி அட்டவணை. தீபாவளி வீட்டிலா, வேறு நாட்டிலா என்பதை அந்தத் தாள்தான் முடிவு செய்கிறது. விடுப்பு கேட்கலாம், கிடைப்பது வேறு விஷயம். பள்ளி விடுமுறையில் எல்லாருக்கும் ஒரே வாரம்தான் வேண்டும். என் மனைவி கல்யாண அழைப்பிதழ் வந்தால் அதைப் படிப்பதற்கு முன் ரோஸ்டரைத்தான் பார்க்கிறார்.

இருந்தாலும் இங்கே இருப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பொங்கோல் குடியிருப்பு வட்டாரத்திலிருந்து சாங்கிக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அமெரிக்காவில் விமானிகள் பலர் வேலைக்குப் போவதற்கே விமானம் ஏறுகிறார்கள், வீடு ஒரு நகரில், பணித்தளம் வேறு நகரில். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே விழுந்து 50 பேர் இறந்த கோல்கன் ஏர் விபத்தில், துணை விமானி முந்தைய இரவு சியாட்டிலிலிருந்து நாட்டைக் குறுக்காகக் கடந்து பணிக்கு வந்தவர். அவருடைய களைப்பும் சொற்பச் சம்பளமும் விசாரணையின்போது பெரிதாகப் பேசப்பட்டன. 2013இல் துணை விமானிகளுக்கும் 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்ற விதியும், 2014இல் புதிய ஓய்வு விதிகளும் அங்கே நடைமுறைக்கு வந்ததற்கு அந்த விபத்து முக்கியக் காரணம்.

வேலைப் பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். 2020இல் கொவிட் வந்தபோது உள்நாட்டுச் சந்தை இல்லாத சிங்கப்பூரில் ஏறக்குறைய எல்லாமே நின்றது. இங்கிருந்து போன விமானங்கள் ஆஸ்திரேலியாவின் அலிஸ் ஸ்பிரிங்ஸ் பாலைவனத்தில் வரிசையாக நின்றன. எனக்குத் தெரிந்த ஒரு கேப்டன் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார். அதெல்லாம் பழைய கதை என்று நினைப்பவர்களுக்கு: சிங்கப்பூரின் மலிவுக் கட்டண விமான நிறுவனமான ஜெட்ஸ்டார் ஏஷியா 2025 ஜூன் மாதம் மூடுவதாக அறிவித்தது, ஜூலை 31ஆம் தேதி கடைசியாகப் பறந்தது. 500க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிமுலேட்டரில் (விமானி அறையைப் போலவே இயங்கும் பயிற்சிக் கருவி) தேர்வு எழுதுவது போன்ற சோதனை வேறு. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அதில் தேறினால்தான் அடுத்த ஆறு மாதம் பறக்கலாம்.

உங்கள் மகனுக்கு முன்னால் தேசிய சேவை என்ற கட்டாயப் பணி இரண்டு ஆண்டுகள் இருக்கிறது, அவசரமில்லை. நிறுவனமே பயிற்சிச் செலவை ஏற்றுப் பதிலுக்கு ஒப்பந்தத்தில் கட்டிப்போடும் வழி கிடைத்தால் அதுவே நல்லது. சொந்தச் செலவில் படிப்பதாக இருந்தால், பயிற்சிப் பள்ளிக்கு ஒரு வெள்ளி கட்டுவதற்கு முன் விமானிகளுக்கான முதல் வகுப்பு மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். கண்ணாடி அணிவது பொதுவாகத் தடையில்லை. நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால் சிக்கல், அது இருப்பதே பலருக்கு அந்தச் சோதனையில்தான் முதன்முதலாகத் தெரியவருகிறது.