தொண்டியிலிருந்து போடிமெட்டுக்கு: மிதிவண்டிக் குழுவினரின் கேள்விகளும் என் பதில்களும்

வரும் தை மாதம் குழுவாக மூணாறுக்கு மிதிவண்டியில் செல்லவிருக்கும் ராமநாதபுரம் மாவட்ட நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில், எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். வழியிலுள்ள போடிமெட்டு மலைப்பாதையைச் சில முறை மிதித்து ஏறியிருக்கிறேன் என்பதே என் தகுதி.

தொண்டி நண்பர்: கடற்கரைக்காரர்களுக்கு ஏற்ற மலைப்பாதை எது? எந்த மாதம் போகலாம்?

உங்கள் ஊர்ச் சாலையை விட்டுவிட்டு வேறு எங்கே தேடுகிறீர்கள்? தேசிய நெடுஞ்சாலை 85 தொண்டியில் தொடங்கி, சிவகங்கை, மதுரை, தேனி, போடி, மூணாறு வழியாகக் கொச்சிக்குச் செல்கிறது. போடியைத் தாண்டி முந்தல் என்னும் அடிவாரம் வரை பெரிய ஏற்றம் இல்லை. அங்கிருந்து மாநில எல்லையான போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டியிருக்கும். தை, மாசியில் புறப்பட்டால் வாடைக்காற்று முதுகைத் தள்ளும். ஆனி, ஆடியில் மேற்கு நோக்கி மிதிப்பவர் கச்சான் என்னும் மேற்குக் காற்றோடு மல்லுக்கட்டிச் சோர்ந்து மலையடிவாரம் சேர்வார். அதற்கு மேல் மூணாறுப் பக்கம் தென்மேற்குப் பருவமழை காத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் போடிப் பக்கத்தில் மண் சரியும், பாறை உருளும்.

மண்டபம் நண்பர்: மேடே இல்லாத மாவட்டத்தில் எப்படிப் பயிற்சி எடுப்பது?

1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் நடுவில் உயர்கிறது. விடியற்காலையில் பத்து முறை போய் வாருங்கள். வேடிக்கை பார்ப்பவர்களின் கார்கள் வந்து நிற்கத் தொடங்கிய பிறகு அங்கே மிதிக்க வேண்டாம். அதைவிடச் சிறந்த மலை நம்மிடம் உண்டு, அது காற்று. அரிச்சல்முனைச் சாலையில் காற்றை எதிர்த்து ஒரு மணி நேரம் விடாமல் மிதித்தால், தொடை அறியும் வலி மலையேற்றத்தின் வலியேதான்.

கீழக்கரை நண்பர்: ஏற்றம்தான் பயமாக இருக்கிறது. இறக்கத்தில் கவலை ஒன்றும் இல்லையே?

இந்தக் கேள்விக்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். ஏற்றத்தில் முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம். இறக்கத்தில் அந்த வசதி இல்லை. ஆளும் வண்டியுமாக 85 கிலோ எடை ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்று ஒரு பங்கை வாங்கிக்கொண்டாலும், பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குபவருடைய ரிம்மில் மீதி வெப்பம் முழுவதும் இறங்கும். டியூப் வெடிப்பதும் உண்டு. வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டு, மறுபடி நேர்ப்பாதையில் அழுத்த வேண்டும். ஐந்து வளைவுக்கு ஒருமுறை எல்லோரும் நின்று, ரிம்மின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள், தொட வேண்டாம்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது: உப்புக்காற்று. வெளியில் பளபளவென்று தெரியும் பிரேக் ஒயர், உறைக்குள் நுழையும் இடத்தில் அரித்திருக்கும். புறப்படுவதற்கு முதல் நாள் என் முன் பிரேக் ஒயரை உருவிப் பார்த்தபோது, சிவந்த துரு மாவாகக் கொட்டியது. இழைகளில் பாதிக்கு மேல் அறுந்திருந்தன. அதே வண்டியைச் சென்ற வாரம் ஒரு கடையில் சர்வீஸ் செய்து வாங்கியிருந்தேன். ஆகவே பழைய ஒயரைச் சோதிக்க வேண்டாம். உறையோடு சேர்த்துப் புதிதாக மாற்றுங்கள்.

பரமக்குடி, ஏர்வாடி நண்பர்கள்: என்ன விலையில் வண்டி வாங்கலாம்?

இருக்கும் வண்டியே போதும். பிரேக் ஒயரை மாற்றுங்கள்.

தேவிபட்டினம் நண்பர்: என் தாத்தா கியர் இல்லாத வண்டியில் அறுபது கிலோ கருவாடு ஏற்றி ராமநாதபுரம் சந்தைக்குப் போனவர். கியர் எல்லாம் ஆடம்பரம் அல்லவா?

தாத்தாவை வணங்குகிறேன், ஆனால் தேவிபட்டினத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையில் மலை இல்லை. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள சாதாரண வண்டி, பெடல் ஒரு சுற்று சுற்றினால் சுமார் 5.4 மீட்டர் நகர்கிறது. முன் 28, பின் 32 பல் உள்ள கியரில் அதே சுற்று சுமார் 1.8 மீட்டர்தான். ஏற்றத்தில் ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் கால் தூக்கும் பாரம் மூன்றில் ஒன்றாகிறது. பெறுவது வலிமை அன்று, முழங்காலுக்கு இளைப்பாறல்.

அதே நண்பர்: தாத்தா இருந்திருந்தால் ஏறியிருப்பார்.

அவர் வண்டியில் மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 25 சுற்று, இரண்டரை மணி நேரம், நின்றபடியே. ஏறியிருக்கலாம், மறுநாள் சந்தைக்குப் போயிருக்க மாட்டார்.

பாம்பன் நண்பர் (இடையில் புகுந்து): தள்ளிக்கொண்டு ஏறினால் ஏறியதாகக் கணக்கில் வருமா?

வரும். மிதிப்பவர்களைவிடத் தள்ளுபவர்கள் மலையை அதிகம் பார்க்கிறார்கள். கருவாட்டு வழக்கை இத்துடன் முடிக்கிறேன். இதைப் பற்றி மட்டும் இன்னும் நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள்.

ராமேஸ்வரம் நண்பர்: அடுத்த ஆண்டு மணாலி–லே போகலாமா?

போகலாம், ஆனால் அது வேறு கணக்கு. அந்த இமயமலைச் சாலையில் உள்ள தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல்; அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். கால் வலிமைக்கும் உயர நோய்க்கும் தொடர்பில்லை. 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொது விதி. அதே சாலையில் சுமார் 3,100 மீட்டரில் உள்ள கேலாங்கில் உறங்கிவிட்டு மறுநாள் இரவு 4,300 மீட்டரில் உள்ள சர்ச்சுவில் படுப்பவர்கள், அந்த விதியை ஒரே நாளில் இரண்டு மடங்குக்கு மேல் மீறுகிறார்கள். உயர நோய்க்கான மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

ஏர்வாடியிலிருந்து இன்னொருவர்: பன்னிரண்டாயிரம் ரூபாய் வண்டி போதுமா?

மேலே பாருங்கள். பிரேக் ஒயர்.

திருப்புல்லாணி நண்பர்: யானை வருமா?

போடிமெட்டைத் தாண்டிய பிறகு வரலாம். அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023-இல் சின்னக்கானலிலிருந்து பிடித்துச் சென்றதோடு அங்கே யானைகள் தீர்ந்துவிடவில்லை. மூணாறு போகும் வழியில் உள்ள பூப்பாறையைத் தாண்டி இருட்டில் மிதிக்கக் கூடாது. குழுவின் கடைசி ஆளும் பொழுது சாய்வதற்குள் தங்குமிடம் சேரும்படி காலையில் புறப்படுங்கள்.

தொண்டி நண்பர்: திரும்பி வருவது எப்படி?

போடி வரை அதே வளைவுகளில் இறங்கியாக வேண்டும். மதுரை–போடி அகல ரயில் பாதை 2023 முதல் இயங்குகிறது. வண்டிகளை ஏற்றும் வசதியை முன்கூட்டியே நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போது பெடல்களைக் கழற்றி, ஹாண்டில் பாரைத் திருப்பிக் கட்டிவிடுங்கள்.