மருந்து விளம்பரத்தில் ஆய்வுக் குறிப்பு இருந்தால் நம்பிவிடலாமா?

"கீழே ஆய்வின் பெயரே போட்டிருக்கிறார்களே, அப்புறம் என்ன சந்தேகம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சின்ன எழுத்தைத் துரத்திப்போய்ப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்பெயினில் 1997-இல் ஆறு மருத்துவ இதழ்களில் வந்த ரத்த அழுத்த, கொழுப்பு மருந்து விளம்பரங்களை எடுத்து, மேற்கோள்களைச் சரிபார்த்தார்கள். முடிவு 2003-இல் லான்செட் இதழில் வெளியானது. தேடிக் கிடைத்த 102 மேற்கோள்களில் 45, விளம்பரம் சொன்னதை ஆதரிக்கவே இல்லை. ஆய்வு பொய் என்பதல்ல. பெரும்பாலும் ஒரு வகை நோயாளிகளிடம் நடந்த ஆய்வை வேறு வகையினருக்குப் பொருத்திவிட்டார்கள்.

சரி, மேற்கோள் பொருந்துகிறது என்றே வையுங்கள். "மாரடைப்பு 50% குறையும்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நூறு பேரில் இரண்டு பேருக்கு வருவது ஒருவராகக் குறைந்தாலும் அது 50%தான்! மற்ற 99 பேருக்கு மாத்திரையால் எந்த வித்தியாசமும் இல்லை. அதனால் சதவீதத்தைப் பார்த்ததும், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு, எவ்வளவு காலத்தில் என்று கேளுங்கள். ஆதாரம் "நிறுவனத்தின் கோப்பில் உள்ளது" என்றிருந்தால், வெளியாள் சரிபார்க்க வழியில்லை. நான் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.