‘சேர்க்கலாம்’ என்கிறது சட்டம்

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கும் என் மகள், “காட்டுத்தீ எச்சரிக்கைக்குத் தனியாகப் பதிய வேண்டாம்மா, சட்டப்படி எல்லாரையும் தானாகவே சேர்த்துவிடுவாங்க” என்கிறாள். நம்பலாமா?
– வாசகி, கோவை

பதில்: நம்ப வேண்டாம். இன்றைக்கே பதியச் சொல்லுங்கள்.

அவர் சொல்வது 2018-இல் வந்த எஸ்.பி. 821 சட்டத்தை. அதில் இருப்பது ‘சேர்க்கலாம்’. ‘சேர்த்தாக வேண்டும்’ என்று எங்கும் இல்லை. தண்ணீர், குப்பை போன்ற சேவைகளைத் தருகிற அமைப்புகளிடம் உள்ள வாடிக்கையாளர் விவரங்களை, எச்சரிக்கைப் பட்டியலுக்காக மட்டும் கவுன்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) நிர்வாகம் ஒப்பந்தம் போட்டு வாங்கிக்கொள்ள அது அனுமதிக்கிறது. விருப்பமில்லாதவர் விலகவும் வழி வைக்க வேண்டும். ஒப்பந்தமே போடாத கவுன்டியில் உங்கள் மகளின் எண் இந்த வழியில் பட்டியலில் ஏறாது. போட்ட இடத்திலும் கிடைப்பது பில் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய எண்தான். வாடகை அபார்ட்மென்ட் என்றால் அது வீட்டுக்காரருடையதாக இருக்கலாம். சொந்த வீடு என்றால் மருமகனுடையதாக இருக்கலாம். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நீங்கள் அதில் இருக்கவே மாட்டீர்கள்.

2017 அக்டோபர் 8 இரவு காலிஸ்டோகா அருகே பிடித்த ‘டப்ஸ்’ என்ற காட்டுத்தீ, சில மணி நேரத்தில் சொனோமா கவுன்டியின் சான்டா ரோசா நகருக்குள் புகுந்து 22 உயிர்களைக் குடித்தது. சொனோமா கவுன்டியின் எச்சரிக்கை, முன்பே பதிந்தவர்களின் செல்போனுக்கும் லேண்ட்லைன்களுக்கும்தான் போனது. பதிவே தேவையில்லாமல் டவர் வழியாகச் செல்போன்களை அலறவைக்கும் டபிள்யூ.இ.ஏ. செய்தியை அதிகாரிகள் அனுப்பவில்லை. கவுன்டி முழுக்கப் போய்ச்சேர்ந்து எல்லாரும் ஒரே நேரத்தில் காரை எடுத்தால் சாலை அடைத்துக்கொள்ளும் என்று பயந்தார்கள். அப்போது அதில் 90 எழுத்துதான் கொள்ளும். எந்தத் தெரு கிளம்ப வேண்டும் என்று விளக்க இடமில்லை. ஆனாலும் தூங்கிக்கொண்டிருந்தவர்களையாவது எழுப்பியிருக்கும். அனுப்பாதது தவறு என்பதே என் கருத்து. இன்று 360 எழுத்து வரை அனுப்பலாம், புதிய போன்களில் செய்தி போக வேண்டிய பகுதியின் எல்லையையும் துல்லியமாகக் குறிக்கலாம். ஆனால் அனுப்பும் முடிவு இன்னமும் ஒரு மனிதர் கையில்தான்.

ஆகவே கவுன்டிப் பதிவு, டபிள்யூ.இ.ஏ. என இரண்டு வழியும் திறந்திருக்கட்டும். கவுன்டியின் எச்சரிக்கைத் தளத்தில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் எண்ணையும் வீட்டு முகவரியோடு பதிய வேண்டும்; முகவரி இல்லாமல் வெறும் எண் இருந்தால் தெரு வாரியாக அனுப்பும் செய்தி வராமல் போகலாம். வேலையிடம் வேறு கவுன்டி என்றால் அங்கும் தனியாகப் பதிய வேண்டும். வீடு மாறினால் முகவரியையும் மாற்ற வேண்டும். எச்சரிக்கை வரும் எண்ணை, போன் சைலன்ட்டில் இருந்தாலும் ஒலிக்கும்படி சேமித்து வைக்கச் சொல்லுங்கள். இரவில் எச்சரிக்கை காதில் விழாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். ஐபோனில் ‘நோட்டிபிகேஷன்ஸ்’ பக்கத்தின் அடியில் அரசு எச்சரிக்கைகள் (டபிள்யூ.இ.ஏ. இதில்தான் வரும்) அணைந்திருக்கிறதா என்றும் பார்க்கட்டும்.

கரண்ட் போனால் இன்டர்நெட் வழி ஓடும் வீட்டு போன் நின்றுவிடும், டவரும் எரியலாம். அமெரிக்க வானிலைத் துறையின் எச்சரிக்கைகளைப் பிடிக்கும், பாட்டரியில் ஓடும் நோவா வானிலை ரேடியோ ஒன்று படுக்கையறையில் இருக்க வேண்டும். கவுன்டிக்கான ஆறு இலக்கக் குறியீட்டை அதில் போட்டு வையுங்கள். போடாவிட்டால் பக்கத்துக் கவுன்டிகளுக்கெல்லாம் சேர்த்து அலறும். இரண்டாம் நாளே யாராவது அணைத்துவிடுவார்கள்.