கல்லான ஜிஞ்சர்பிரெட்டைத் தூக்கிப் போடலாமா?

கேள்வி: கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, ஜார்ஜ்டவுனில் ஒரு பேரங்காடியில் பாதி விலைக்கு ஜெர்மன் ஜிஞ்சர்பிரெட் (தேனும் மசாலாவும் சேர்த்த கேக் மாதிரி பிஸ்கட்) இரண்டு டின் வாங்கினேன். ஒன்றைத் திறந்து, எறும்புக்குப் பயந்து தட்டோடு ஃபிரிட்ஜில் வைத்தேன். பத்தே நாளில் கல்லாகிவிட்டது. மாமியார் கடித்துப் பார்த்துவிட்டு, "அம்மிக்குப் பக்கத்தில் வை" என்கிறார். இதை மறுபடி மிருதுவாக்க முடியுமா? கடையில் திருப்பிக் கொடுக்கலாமா? நம் ஊரில் பிஸ்கட் என்றால் லெமாவ்தான் ஆகும் (நமத்துப் போகும்), இது மட்டும் ஏன் இறுகியது?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: எறும்புக்குப் பயந்ததில் தப்பில்லை, தட்டோடு வைத்ததுதான் வினை. ஃபிரிட்ஜுக்குள் காற்று வறண்டது. மூடாமல் வைத்த எதிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, மாவிலுள்ள ஸ்டார்ச் அந்தக் குளிரில் சீக்கிரம் இறுகும். ரொட்டியை ஃபிரிட்ஜில் வைத்தால் விறைப்பதும் இதனால்தான். மெல்லிய பிஸ்கட்டின் கதை வேறு. அது காய்ந்த பொருள். பினாங்குக் காற்றின் ஈரத்தை இழுத்து லெமாவ் ஆகிறது. ஜிஞ்சர்பிரெட் மிருதுவாக இருப்பதே தேனும் பாகும் பிடித்து வைத்திருக்கும் ஈரத்தால். அந்த ஈரம் போனால் கல்தான்.

போன ஈரத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். ஜெர்மன்காரர்கள் டின்னுக்குள் ஒரு துண்டு ஆப்பிள் போட்டு மூடி வைப்பார்கள். ஓரிரு நாளில் மிருதுவாகிவிடும். நம் வெக்கையில் ஆப்பிளை அப்படியே விட்டால் பூஞ்சை பிடிக்கும். சிறு கிண்ணத்தில் வைத்து, தினமும் மாற்றுங்கள். நான் ரொட்டித் துண்டுதான் வைப்பேன். மறுநாள் ரொட்டி அப்பளம் மாதிரி விறைத்திருந்தால் ஈரம் இடம் மாறிவிட்டது என்று அர்த்தம். அவசரமென்றால் ஈரமான டிஷ்யூ சுற்றி மைக்ரோவேவில் 10 முதல் 15 விநாடி; சூடாகவே தின்றுவிட வேண்டும், ஆறினால் முன்பைவிட மோசம். காறல் வாடையோ பூஞ்சையோ இருந்தால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம், குப்பைத் தொட்டிதான். கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்குக் குட்டி வீடு கட்டுவதற்கென்று விற்கும் ஜிஞ்சர்பிரெட் பலகைகளோடும் மல்லுக்கட்டாதீர்கள். அவை விறைப்பாக இருக்கவே செய்யப்பட்டவை.

திருப்பிக் கொடுப்பதா? முதல் டின்னுக்குக் கடை பொறுப்பில்லை, உங்கள் ஃபிரிட்ஜ்தான் பொறுப்பு. இரண்டாவதைத் திறந்ததுமே கல்லாக இருந்தால் விஷயம் வேறு. மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். 'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது' என்று ஒட்டிவிட்டால் அந்த உரிமை போய்விடாது. ஆனால் குறை இதுதான் என்று முன்பே சொல்லி விலையைக் குறைத்திருந்தால், அந்தக் குறைக்காகச் சண்டை போட முடியாது. டின்னின் அடியில் தேதியையும் பாருங்கள். 'பாய்க் செபெலும்' என்பது அதுவரை சுவையும் தரமும் நன்றாக இருக்கும் என்பது. 'தாரிக் லுபுட்' என்பது காலாவதி. ரசீதை இன்றே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தத் தாள் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கை 5 ரிங்கிட் கட்டணத்தில் போடலாம்தான். ஒரு டின்னுக்கு அங்கே போக வேண்டியதில்லை. கடை மேலாளரிடம் பேசினாலே பெரும்பாலும் முடிந்துவிடும்.

மிருதுவாகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் துண்டுகளுக்குக் கேக் பாத்திக் (பிஸ்கட்டை உடைத்துப் போட்டு, பேக் செய்யாமல் செய்யும் கேக்) இருக்கிறது. மேரி பிஸ்கட்டுக்குப் பதில் இதை உடைத்துப் போடுங்கள். வெண்ணெய், மைலோ, கண்டென்ஸ்ட் மில்க் மூன்றையும் சிறு தீயில் காய்ச்சி, துண்டுகளைப் பிரட்டி, தட்டில் அழுத்திக் குளிரவைக்க வேண்டும். ஜிஞ்சர்பிரெட்டிலேயே இனிப்பு தூக்கலாக இருப்பதால் பாலைக் குறையுங்கள். கல்லாக இருப்பது இங்கே லாபம்: மேரி ஊறித் தொளதொளத்துவிடும், இது கடிக்கக் கிடைக்கும்.

ஜெர்மன்காரர்கள் இதைப் பொடித்து மாட்டிறைச்சிக் குழம்பைக் கெட்டியாக்குவார்கள். அதை நம்பி நான் ஒருமுறை ஆட்டிறைச்சிக் குழம்பில் இரண்டு கரண்டி போட்டுப் பார்த்தேன். வீட்டில் யாரும் இரண்டாவது முறை குழம்பு கேட்கவில்லை.